நிச்சயம் முதல் முகூர்த்தம் வரை: குமரி மாவட்டத்தில் இருவரும் சேர்ந்து போகும் மாசி, பங்குனி, சித்திரைக் காலைகள்

நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே கிடைக்கும் நாட்கள் மண்டபம், நகை, பட்டு, பத்திரிகை என்று கரைந்துவிடும். தவக்காலத்தில் கல்யாணம் வைக்காத கத்தோலிக்கக் குடும்பங்களில் தை மாதம் நிச்சயித்தால் ஈஸ்டர் கழிந்த பிறகுதான் நாள் கிடைக்கும். மற்ற வீடுகளிலும் பங்குனி தாண்டட்டும் என்று தள்ளிவைப்பது உண்டு. இப்படி, குமரி மாவட்டத்தில் பலருக்கு மாசியும் பங்குனியும் சித்திரையும் காத்திருக்கும் மாதங்களாகவே அமைகின்றன. ஊர் மிக அழகாக இருக்கும் மாதங்களும் அவையே. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயல், இலை கொட்டித் தளிர்விட்ட ரப்பர், பூத்துத் தொங்கும் கொன்றை, அக்கானி (பதநீர்), நுங்கு, முதல் செங்கவருக்கை மாம்பழம் எல்லாம் இந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குள் வந்து போய்விடும்.

இதற்கு லீவு போட்டு மூணாறு போக வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு காலை போதும். இருட்டோடு கிளம்பி, பத்தரைக்குள் வீடு திரும்பும் அரை நாள் பயணங்களே இந்த ஊருக்கும் இந்தப் பருவத்துக்கும் பொருந்தும். கீழே சொல்வதில் கடலோர மாலைகள் தவிர எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் கடிகாரம்

நாகர்கோவில் பக்கம் பிப்ரவரி 20 வாக்கில் சூரியன் சுமார் 6:37-க்கு உதிக்கும். மார்ச் 20-இல் 6:24, சித்திரை பிறக்கும்போது 6:10. மறையும் நேரம் இந்த மூன்று மாதமும் மாலை 6:30-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே மாலைத் திட்டத்துக்கு நேரம் மாற்ற வேண்டாம். காலைத் திட்டத்துக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் முன்னே தள்ளுங்கள்.

காலை 9 மணி வரை வெயில் பொறுக்கக்கூடியது. பத்துக்கு மேல் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து வேர்வை உலராது. வேர்வை உலராவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் மதுரையைவிடச் சூடு குறைவாக இருந்தும் இங்கே சீக்கிரம் களைத்துப்போகிறோம். பங்குனி பிந்திய பிறகு மலையோரத்தில் மதியத்துக்குமேல் இடியோடு கோடைமழை வரும். மொட்டைப்பாறை, குளத்துக்கரை, தொட்டிப்பாலம் மூன்றும் மின்னலுக்கு ஆகாத இடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைமேல் கருமேகம் கட்டுவதைப் பார்த்தால் இடிச்சத்தத்துக்குக் காத்திருக்காமல் இறங்கிவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. மகா சிவராத்திரிக்கு முந்தைய மாலையிலிருந்து சிவாலய ஓட்டக்காரர்கள் முஞ்சிறை தொடங்கித் திற்பரப்பு, திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில்களுக்கு ஓடுவார்கள்; விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அவர்களுக்குத்தான். ஓட்டத்தைப் பார்க்கவே போவதென்றால் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, வழியில் நின்று பானகமோ மோரோ கொடுங்கள், அது நல்ல காரியம். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை நடக்கும் பத்து நாளும் கடற்கரைச் சாலையில் கூட்டம் நெரியும். அந்த வாரம் மலைப்பக்கம் போகலாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது

இது பலருக்குப் பாறை ஏறுவதைவிடக் கடினமாகப் படுகிறது. ஆனால் ஒளிக்காமல் முழு விவரம் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முந்தின நாள் மாலையே, பெண் வீட்டில் மாப்பிள்ளையே நேரில் அல்லது போனில், "அத்தை, நாளைக்குக் காலம்பற அஞ்சு மணிக்கு தோவாளைக்குப் போயிட்டு, ஒன்பது மணிக்குள்ள கொண்டு விட்டிருவேன்" என்று இடம், நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சும்மா ஒரு ரவுண்டு" என்ற சொல்தான் பெரியவர்களைக் கலங்க வைப்பது. பெண்ணும் மாப்பிள்ளை வீட்டுக்கு அதே தகவலை மைனி (அண்ணி) வழியாகவாவது சொல்லிவைத்தால் இரு வீடும் ஒரே கணக்கில் இருக்கும்.

முதல் பயணத்துக்கு இளையவர் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. தம்பியோ கொழுந்தியாளோ உடன் வந்தால் ஊர்க்கண் அடங்கும், இரண்டாவது பயணத்துக்கு அனுமதி தானாக வரும். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் பிந்துவதாகத் தெரிந்தாலே போன் செய்யுங்கள். கோதையாறு, காளிகேசம் மாதிரி மலையோரத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அங்கே போகும் நாளில் உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வண்டியும் பையும்

இரண்டு ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். கழுத்துப்பட்டை மாட்டாத ஹெல்மெட் தலையில் இல்லாததற்குச் சமம். பின் டயரின் காற்று, ஒருவர் போவதற்கு ஒரு அளவு, இருவர் போவதற்கு வேறு அளவு. இரண்டும் வண்டியில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும். முந்தின நாள் மாலையே இருவருக்கான அளவுக்கு அடித்துவிடுங்கள். குறைந்த காற்றில் இருவர் போனால் மலையோர வளைவுகளில் வண்டி பின்பக்கம் அசையும், டயர் சூடேறிப் பஞ்சர் ஆகும்.

உடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சேலை முந்தானையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு நடக்கும் விபத்துகள் கொடியவை. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். சேலைதான் என்றால் முந்தானையை முன்னால் கொண்டுவந்து செருகுங்கள். சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம். ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை ஒருபக்கம் சாய்வதால் ஓட்டுபவர் வளைவில் தடுமாறுவார்.

பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, ஒரு தோர்த்து (மெல்லிய துண்டு), தொப்பி, சிறு கத்தி, பழைய செய்தித்தாள், குப்பைக்கு ஒரு காலிப் பை. சாப்பாட்டுக்கு இட்லிதான் மிகச் சிறந்தது. ஆளுக்கு நாலு இட்லி. சூடு ஆறிய பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாட்டிய வாழையிலையில் பொதியுங்கள். இலையை அடுப்புத் தணலில் இரண்டு பக்கமும் காட்டி, பச்சை நிறம் கறுத்துப் பளபளப்பானதும் எடுக்க வேண்டும். வாட்டாத இலை மடிப்பில் கிழிந்து எண்ணெய் பைக்குள் ஒழுகும். சூட்டோடு பொதிந்தால் ஆவி நீராகி இட்லி ஊறிப்போகும். தேங்காய்ச் சட்னியோ தேங்காய்த் துவையலோ வேண்டாம். விடிகாலை அரைத்தது ஒன்பது மணி வெயிலில் பையைத் திறக்கும்போதே புளித்த வாடை அடிக்கும். கூட நாலு மட்டி வாழைப்பழம். மட்டி தோல் மெலிந்தது, அடியில் போட்டால் நசுங்கும், மேலே வையுங்கள்.

தோவாளை: பூவும் நாரும்

முதல் காலைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் பத்து கிலோமீட்டர்தான். சந்தை இருட்டோடு தொடங்கிவிடும். ஐந்தரைக்குள் போய்ச் சேர்ந்தால் குவியல் குவியலாகப் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கிரேந்தி, ரோஜா, கொழுந்து எல்லாம் இறங்குவதைப் பார்க்கலாம். கேரளத்து வியாபாரிகளும் இங்கேதான் வந்து எடுப்பார்கள். விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாளும் திருவிழா நாளும் மிக அதிகம், மறுநாள் சரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர்கள் இதை இப்போதே இரண்டு மூன்று முறை நேரில் பார்த்து வைத்தால், பிறகு யாரிடமும் ஏமாற வேண்டியிராது. மணிகள் கோத்ததுபோல் தோன்றும் தோவாளை மாணிக்கமாலை கட்டும் கைகளையும் பக்கத்தில் நின்று பாருங்கள். மடித்த இதழ்களை வரிசையாக அடுக்கும் அந்த வேலை ஓரிரு நாளில் கற்பதல்ல.

கற்கக்கூடியது சாதாரணச் சரம். நூறு கிராம் மல்லி மொட்டும் கொஞ்சம் வாழைநாரும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முழம் வரும். இருவரும் சேர்ந்து ஒரு திண்ணையிலோ குளத்தங்கரையிலோ உட்கார்ந்து கட்டலாம்.

1. நாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து, ஒரு மில்லிமீட்டர் அகல இழையாகக் கிழியுங்கள். காய்ந்த நார் காம்பை அறுக்கும். சொட்டச் சொட்ட நனைந்தது வழுக்கும்.

2. இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாரின் முனையைப் பிடித்து, இரண்டு மொட்டுகளை நுனி இடப்பக்கம் பார்க்க வையுங்கள். அவற்றின் காம்புமேல் இன்னும் இரண்டை, நுனி வலப்பக்கம் பார்க்க வையுங்கள்.

3. காம்புகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் நாரை ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு வலது கை விரலில் நாரை வளையமாகத் திருப்பி, அந்த வளையத்தைக் காம்புகள்மேல் மாட்டி இழுங்கள். முடிச்சு தானாக விழும்.

4. அடுத்த நாலு மொட்டையும் முந்தினதை ஒட்டியே வையுங்கள். இடைவெளி விட்டால் சரம் பல் விழுந்ததுபோல் தோன்றும்.

முதல் இருபது முடிச்சில் இரண்டு தவறு எல்லோருக்கும் வரும். பூ உதிருமோ என்ற பயத்தில் மிக இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு கையோடு வரும். இறுக்காமல் விட்டால் சரத்தைத் தூக்கியதும் சறுக்கும். காம்பு லேசாக அழுந்துவது விரலுக்குத் தெரிய வேண்டும், அறுபடக் கூடாது, அதுதான் அளவு. விரிந்த பூ வாங்காதீர்கள். இறுகிய வெள்ளை மொட்டு வாங்கிக் காலையில் கட்டி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மாலை ஆறு ஏழு மணிக்குத் தானே விரியும். கட்டிய இரண்டு முழத்தில் ஆளுக்கு ஒரு முழமாக இரு வீட்டு அம்மாமாருக்கும் கொடுத்துவிடுங்கள்.

தேரூர்க் குளமும் மணக்குடியும்

வலசை வந்த பறவைகள் பங்குனி கடைசிக்குள் கிளம்பத் தொடங்கும். அதனால் இந்தப் பயணத்தை மாசியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதிக்கு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் கவிமணி பிறந்த இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பே அது பறவைக் குளம்தான்.

கிழக்கு வெளுக்கும்போது கரையில் இருங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நாணல் ஓரத்தில் நீலத்தாழைக்கோழி, கழுத்து மட்டும் தண்ணீருக்குமேல் நீட்டிய பாம்புத்தாரா, இடைவெளி விட்ட அலகோடு நத்தைகுத்தி நாரை, கூட்டமாகக் கூழைக்கடா. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஐந்தை அடையாளம் கண்டால் அந்தக் காலை வீண் போகாது. பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 போதும். இன்னும் பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு நல்லது. பத்து நிமிடம் ஒரே இடத்தில் பேசாமல் உட்காருங்கள். நீங்கள் வந்ததும் ஒதுங்கியவை அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பி வரும். நிச்சயமான இருவருக்கு இப்படிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

வெயில் ஏறும் முன் மணக்குடிக்குப் போகலாம். பழையாறு கடலில் சேரும் இடம் அது. காயலின் ஆழமில்லாத பகுதியிலும் புத்தளம் உப்பளப் பக்கமும் பூநாரையும் பவளக்காலியும் நிற்பது உண்டு. பூநாரைகளைக் கண்டதும் சேற்றில் இறங்கிக் கிட்டே போவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. தலையைத் தூக்கி அவை நடக்கத் தொடங்கினாலே நீங்கள் அளவு தாண்டிவிட்டீர்கள். இன்னும் நெருங்கினால் பறந்துவிடும், அந்தக் காலை திரும்பாது. தீனி தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் பருவம் அவற்றுக்கு இது. ஒவ்வொரு வீண் பறத்தலும் அந்தச் சேமிப்பைக் குறைக்கிறது. உப்பளப் பாத்திகள் தனியாருக்குச் சொந்தமானவை. வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள். சேறு பார்க்கக் காய்ந்த தரை மாதிரி இருக்கும், முழங்கால் வரை இழுக்கும்.

சிதறாலும் மாத்தூரும்

இரண்டும் ஒரே காலையில் முடியும், ஆனால் வரிசை முக்கியம்: முதலில் மலை, பிறகு பாலம். மாற்றினால் பாறை சுட்டுவிடும்.

சிதறால் மலைக்கோவில் மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணர்களின் இடம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பகவதி கோவிலானது. கீழேயிருந்து கல் பாவிய பாதை கொல்லமா (முந்திரி) மரங்களுக்கு நடுவே ஏறுகிறது. நிதானமாக நடந்தால் அரை மணிக்குள் உச்சி. காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கி எட்டரைக்குள் இறங்கும்படி வாருங்கள்.

மேலே பாறை இடுக்கைக் கடந்து நுழைந்ததும் அவசரப்பட்டுப் படம் எடுக்காதீர்கள். பாறை முகத்தில் வரிசையாகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள். பாம்புக் குடைக்குக் கீழே நிற்பவர் பார்சுவநாதர். சிங்கமும் இரு பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க நிற்பவள் அம்பிகா. இளவெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் புடைப்பின் ஆழம் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். உருவங்களைத் தொடுவதும் சுண்ணாம்பால் பெயர் எழுதுவதும் வேண்டவே வேண்டாம். உங்கள் இருவர் பெயரையும் எழுத கல்யாணப் பத்திரிகை இருக்கிறது.

இறங்கும்போதுதான் கால் வழுக்கும். காய்ந்த கொல்லமா இலை கல்படியில் பந்துபோல் உருளும். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம்; பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடுங்கள்.

அங்கிருந்து மாத்தூர். பறளியாற்றுக்குக் குறுக்கே, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய தொட்டிப்பாலம். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது எடுத்த திட்டம், 1966-இல் முடிந்தது. உயரம் 115 அடி, 28 தூண்கள். தொட்டியின் பக்கவாட்டில் ஒடுங்கிய நடைபாதை. ஒரே நேரத்தில் இரு வரிசை போகும்போது நெருக்கமாக இருக்கும், அதனால் விடுமுறை நாள் தவிர்க்கவும். தலைசுற்றல் உள்ளவர் தொட்டிப்பக்கமாக நடந்து, தூரத்திலுள்ள தென்னந்தோப்பைப் பார்க்க வேண்டும், நேர் கீழே பார்க்கக் கூடாது. கைப்பிடிச் சுவர்மேல் போனை நீட்டிப் படம் எடுப்பவர்கள் போனைப் பறளியாற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிப்ரவரி முடிந்ததும் பாசனத் தண்ணீர் நிறுத்தப்படும், ஆதலால் பங்குனியில் தொட்டி வறண்டு கிடக்கலாம். தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரிக்குள் போங்கள். பாலத்தைப் பார்ப்பதற்கு மேலே நடப்பதைவிட, படி வழியாக ஆற்றுக்கு இறங்கித் தூண்களை அண்ணாந்து பார்ப்பது நல்லது. எத்தனை பேர் மேலேயே திரும்பிப் போகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

திற்பரப்பு பக்கத்தில்தான் என்று பலர் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பருவத்தில் அங்கே தண்ணீர் மெலிந்திருக்கும். அருவிக்காகப் போவதென்றால் மழைக்காலத்துக்குத் தள்ளுங்கள். காளிகேசம், கீரிப்பாறை காட்டுப் பகுதிகளில் வனத்துறை அனுமதியும் சீட்டும் வேண்டும். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மூடுவதும் உண்டு. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், வழி மூடியிருந்தால் குறுக்கு வழி தேடாதீர்கள். யானை நடமாடும் காடு அது.

ரப்பர் தளிரும் தேனும்

தை முடியும்போது ரப்பர் இலை கொட்டும், மாசியில் செம்பு நிறத்தில் தளிர் வரும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைச் சாலையில் காலை ஏழு மணி வெயில் அந்தத் தளிர் வழியே விழுவதைப் பார்க்க ஒருமுறை போக வேண்டும். பால்வெட்டு நிறுத்தியிருக்கும் காலமாதலால் தோட்டமும் அமைதியாக இருக்கும். உள்ளே நடக்க உரிமையாளரிடமோ காவலாளரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கணுக்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும். பாம்பு தெரியாது, மூடிய ஷூ வேண்டும். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் அங்கே வேண்டாம்.

ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல. இளம் இலையின் காம்பு நுனியில், மூன்று இலைத்துண்டும் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் முதிரும் வரை அதில் கசியும். அதைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பது இந்த மாதங்களில்தான். பெட்டி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போனால் திறந்து காட்டுவார்கள். பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். வாசல் அவற்றின் போக்குவரத்துச் சாலை. கறுப்பு உடை, சென்ட், தலையில் வைத்த மல்லிப்பூ மூன்றும் தேனீயை வம்புக்கு இழுக்கும். ஒன்று கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எறிந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொடுக்கின் வாடை மற்றவற்றையும் அழைக்கும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

வாங்கிவந்த ரப்பர்த் தேன் சில வாரத்தில் நெய்போல் உறையலாம். கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இந்தத் தேனின் இயல்பு அது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும், கொதிநீரில் வைத்தால் மணம் போய்விடும். ஈரப்பதம் கூடிய தேனாதலால் பாட்டிலை வாய்வரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை விட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் புளித்து நுரைக்கும்போது மூடியைத் தள்ளும்.

அக்கானி, நுங்கு, கொல்லாம்பழம்

அக்கானி காலை எட்டு மணிக்குள் குடிக்க வேண்டியது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தாலோ வெயிலில் நின்றாலோ நுரை கட்டும், புளித்த மணம் வரும். அதை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு கூடினால் நாக்கில் காரல் தெரியும். ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிப்பதில் ஒரு தனி மணம் உண்டு. வெறும் வயிற்றில் முதல் நாளே இரண்டு பட்டை வேண்டாம், ஒன்று போதும்.

நுங்கு வாங்கும்போது விரலால் கண்ணை அழுத்திப் பாருங்கள். நீர்போல் தளும்பினால் இளசு, விறைத்தால் முற்றியது. பெருவிரலை உள்ளே நுழைத்துச் சுற்றி, உடையாமல் ஒரே இழுப்பில் எடுப்பதற்குப் பழக்கம் வேண்டும். போட்டி வைத்துக்கொள்ளலாம், தோற்றவர் நுங்குக் குரும்பையில் பொம்மை வண்டி செய்து தர வேண்டும். நுங்கின் துவர்ப்பு நீரும் கொல்லாம்பழச் சாறும் துணியில் பட்டால் கறை போகாது. நல்ல உடையில் இந்த வேலை வேண்டாம்.

சிதறால் வழியில் பழுத்துக் கிடக்கும் கொல்லாம்பழத்தைக் கழுவி, உப்பு தொட்டுச் சாப்பிடலாம். உப்பு தொட்டால் பழம் தரும் தொண்டைக் கரகரப்பு குறையும். ஆனால் அதன் நுனியில் தொங்கும் பச்சை அண்டியைப் பல்லால் கடிக்கவே கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் உதட்டையும் தோலையும் பொள்ள வைத்துவிடும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது உதட்டில் தழும்பு வாங்கியவர்கள் உண்டு.

கடல்

மாலைப் பயணம் என்றால் கடல்தான், அதிலும் முட்டம். கன்னியாகுமரி முனையில் பங்குனி பாதிக்குமேல் சூரியன் வடக்கே நகர்ந்து கரையை ஒட்டி இறங்கும். முட்டத்தில் கரை வடமேற்காக வளைவதால் சித்திரையிலும் கடலுக்குள்ளேயே மறையும். ஐந்தரைக்குள் சேர்ந்து, செம்மண் மேட்டில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்காருங்கள். மேட்டின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே இருங்கள். செம்மண்ணை அடியில் மழைநீர் அரித்திருக்கும், மேலே தெரியாது.

கீழே பாறைகளில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் வரும் கள்ளக்கடல் இங்கே காற்றே இல்லாத நாளில் வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்துமாக்கடலில் எழுந்த புயலின் அலைகள் நீண்ட இடைவெளியோடு நடந்து வந்து சேர்வதே அது. பத்து நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். பிறகு ஒரு அலை வந்து பாறையையே கழுவிப் போகும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். ஆகவே கிளம்பும் முன், கடல்நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். கரையில் மீனவர் யாரிடமாவது, "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நனைந்து பளபளக்கும் பாறை எதிலும் நிற்காதீர்கள், அலை அதுவரை வருகிறது என்பதற்கு அந்த ஈரமே சாட்சி. சொத்தவிளை, சங்குத்துறை மணலில் கால் நனைப்பதென்றாலும் கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

விடியல் கடலுக்கு வட்டக்கோட்டைப் பக்கம் நல்லது. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய் பலப்படுத்திய கருங்கல் கோட்டை. கூட்டம் குறைவு, காற்று அதிகம். டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை போகும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

சித்திரை ஒன்றும் பௌர்ணமியும்

கொன்றை பூப்பதற்கு வறண்ட வெயில் வேண்டும். இலையை உதிர்த்துவிட்டுச் சரம் சரமாகத் தொங்கும். சித்திரை ஒன்றுக்குக் கனி (விடிந்ததும் முதலில் காணும் மங்கலப் பொருட்கள்) வைக்க முந்தின நாள் மாலையே தேவைப்படும். சாலையோர மரத்தில் ஏறிக் கிளை முறிக்காமல், தோட்டக்காரரிடம் கேட்டு, ஒரு சாண் காம்போடு நாலு கொத்து வெட்டுங்கள். வெட்டியதும் காம்பைத் தண்ணீரில் வைக்காவிட்டால் விடிவதற்குள் இதழ் கொட்டும். இரு வீட்டுக்கும் இரண்டு இரண்டு கொத்து. மறுநாள் காலை கனி கண்டபிறகு பெரியவர்களிடம் கைநீட்டம் (ஆசியோடு தரும் காசு) வாங்க இருவரும் சேர்ந்து போவது, கல்யாணத்துக்கு முன் கிடைக்கும் முதல் பண்டிகை.

சித்ரா பௌர்ணமி மாலை கன்னியாகுமரி முனையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே கடலிலிருந்து நிலவு எழும். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்காது. பஞ்சாங்கத்தில் பௌர்ணமி திதி முடியும் நேரத்தைப் பாருங்கள். அது அன்று சாயங்காலத்துக்கு முன்பே முடிந்திருந்தால், சூரியன் மறைந்து சிறிது நேரம் கழித்தே நிலவு வரும். அப்போது முந்தின நாள் மாலை போனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அடிவானத்தில் மேகமூட்டம் இருந்தால் நிலவு பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தித் தெரியும், செம்மஞ்சளாக. வரவில்லை என்று எழுந்து போகாதீர்கள். கூட்டம் அதிகமிருக்கும், வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி ஒரு கிலோமீட்டர் நடப்பதே நல்லது. ஐந்தரைக்குள் இடம் பிடித்து, இரண்டு பக்கமும் கடல் தெரிகிறதா என்று எழுந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். வீட்டுக்கு அன்று மட்டும் எட்டரை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.